முன்மேசைப் பிரின்டர் பேசாமல் இருந்த நாள்

மன்னார்ப் பட்டினத்தில் கணினி திருத்திப் பிழைக்கிறவளுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உப்புக் காற்று. மற்றது, வயரைக் கண்டால் பிடுங்கி வேறிடத்தில் செருகிப் பார்க்கும் கைகள். உப்புக் காற்றை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்தக் கைகளை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிப்பேன். ஆனால் என் தொழிலில் நான் வாயடைத்துப்போய் நின்ற நாளுக்கு அப்படியொரு கைதான் காரணம். அதனால் கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன்.

எனக்கு ஊர் உயிலங்குளம். வீட்டில் எல்லோரும் வயல்காரர். நான் மட்டும் தினமும் ஸ்கூட்டரில் பாலம் கடந்து தீவுக்கு வந்து, பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். அலுவலகங்கள் கூப்பிட்டால் போய்க் கேபிள் இழுத்து வலையமைப்பு ஒழுங்குசெய்து கொடுப்பேன். அது என்ன வேலை என்று வீட்டில் கேட்டால், கொம்பியூட்டர்களை ஒன்றோடொன்று கதைக்கப் பண்ணுகிற வேலை என்பேன். கதைக்கவிடாமல் பண்ணுவதும் அதே வேலையின் மற்றப் பாதி என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது.

அந்த அலுவலகம் ஒரு பழைய வீட்டில் இருந்தது. பெயர் வேண்டாம். முன்மண்டபத்தில் வாழ்வாதார உதவிக்குப் படிவம் நிரப்புவது, பிறப்புச் சான்றிதழுக்குக் கடிதம் கொடுப்பது என்று எந்த நேரமும் சனம். பின்னறையில் ஓர் உளவளத்துணையாளர் இருந்தார். வீட்டில் அடி வாங்குகிற பெண்கள், வெளியில் சொல்ல முடியாததைச் சொல்ல அவரிடம் வருவார்கள். அவர் கேட்டு, கணினியில் அடித்து, தாளில் எடுத்து, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். பிறகு பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் போவது அந்தத் தாள்தான். வருகிற பெண்கள் கையில் ஒரு வாழ்வாதாரப் படிவத்தையும் வைத்துக்கொண்டே வருவார்கள். யாராவது கண்டால் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

அந்தப் பின்னறைக்குக் கதவு இல்லை, திரைச்சீலைதான். முன்பு கதவு இருந்ததாம். கந்தோருக்குள்ளே ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால், எங்களை நம்பவில்லையா என்று மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று கழற்றிவிட்டார்களாம். பத்து மணிக்கு எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி நின்று பிளேன்டீ குடிக்கிற இடம் அது. கணினிகளும் அப்படித்தான். பன்னிரண்டு கணினிகளும் ஒரே வலையமைப்பில், யாரும் யாருடைய கோப்பையும் பார்க்கலாம், யாரும் எந்தப் பிரின்டரிலும் எடுக்கலாம் என்று இருந்தன. அப்படி இழுத்துக் கொடுத்த கெட்டிக்காரி நான்தான்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை ஒரு பெண் மூன்றாம் முறையாக அங்கே வந்தார். கரையோரத்து மீன்பிடிக் குடும்பம், பிள்ளைகளும் உண்டு. முதல் இரண்டு தரமும் அழுதுவிட்டுப் போனவர், அன்றைக்குத்தான் கணவன் செய்தது எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னார். உளவளத்துணையாளர் அடித்து முடித்துப் பிரின்ட் கொடுத்தார். அறையில் இருந்த பிரின்டர் அசையவில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். சற்று நேரத்தில் திரைச்சீலை விலகியது. முன்மேசையில் இருக்கும் அக்கா, கையில் அந்தத் தாளோடு நின்றார்.

நடந்தது இதுதான். இரண்டு நாட்களுக்கு முன் பின்னறைப் பிரின்டரில் தாள் சிக்கியபோது, அவசரத்துக்கு ஒரு கடிதத்தை முன்மேசைப் பிரின்டரில் எடுத்திருக்கிறார்கள். கடைசியாக எதில் எடுத்தார்களோ அதையே கணினி தன் வழக்கமாக்கிக்கொண்டது. முன்மேசை அக்காவோ அந்தப் பெண்ணின் கணவனுக்குப் பெரியம்மாவின் மகள். அதாவது அந்தப் பெண்ணுக்கு மச்சாள் முறை. மன்னாரில் எந்த மேசையில் யாரை இருத்தினாலும் யாருக்கோ சொந்தமாகத்தான் இருப்பார்கள்.

அக்கா தாளை இரண்டாக மடித்துத்தான் கொண்டு வந்தார். அந்தப் பெண் அக்காவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். கையெழுத்து வைக்கவில்லை. அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போனார்.

அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது அக்கா முன்மேசையில் முகம் வீங்கிப்போய் இருந்தார். இரவு முழுக்க அழுதிருக்க வேண்டும். நான் கேட்காமலே சொன்னார்.

"நான் ஒருத்தரிட்டயும் வாய் திறக்கேல்லைத் தங்கச்சி. திறக்கவும் மாட்டன். ஆனா நான் பாத்தனான் எண்டு அவவுக்குத் தெரியும். இனி என்ர முகத்தைப் பாக்கேக்கெல்லாம் அதுதானே ஞாபகம் வரும்."

பிழை செய்தவர் என்று விரல் நீட்ட அங்கே ஒருவரும் இல்லை. என்னை விட்டால். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டியவள் நான். உளவளத்துணையாளர் என்னை ஏசவில்லை. கதவு போட முடியாது, போட்டால் அக்காவுக்காகத்தான் போட்டது என்று ஊருக்கே விளங்கிவிடும் என்றார். ஆனால் இந்த அறையில் இருந்து ஒன்றும் வெளியே போகக்கூடாது, அதற்கு வழி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். புத்தகத்தில் படித்திருந்தேன். செய்து பார்த்ததில்லை.

கந்தோரில் உள்ள கேபிள் எல்லாம் களஞ்சிய அறையில் ஒரு பெட்டியில் வந்து சேரும். இருபத்துநான்கு துளை உள்ள அந்தப் பெட்டிக்குத்தான் எங்கள் தொழிலில் சுவிட்ச் என்று பெயர். பழையதைக் கழற்றிவிட்டு, சொன்னபடி கேட்கிற புதிய சுவிட்ச் ஒன்றைப் பூட்டினேன். முன்மண்டபத்துத் துளைகளுக்குப் பத்து என்றும் பின்னறைத் துளைகளுக்கு இருபது என்றும் எண் கொடுத்தேன். இப்படி ஒரே பெட்டிக்குள் வெவ்வேறு வலையமைப்புகளாகப் பிரித்து வைப்பதைத்தான் வீலான் என்போம். இணையத்துக்குப் போவது இரண்டுக்கும் ஒரே கம்பி. அந்தக் கம்பியில் போகிற ஒவ்வொரு சின்னப் பொதியின் தலையிலும் சுவிட்ச் அதன் எண்ணை ஒட்டி அனுப்பும். கொழும்புக்கு ஐஸ் போட்டுப் போகிற மீன் லொறியில் பத்துப் பேருடைய பெட்டி ஒன்றாகப் போகும். பெட்டியில் தீட்டிய அடையாளத்தைப் பார்த்து அங்கே பிரித்து இறக்குவார்கள். அப்படித்தான் இதுவும்.

புத்தகத்தில் படித்தபோது இது ஒரு பாடம். அன்றைக்குக் களஞ்சிய அறையில் நடந்தது வேறு. இரண்டு மடிக்கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடுத்தடுத்த துளைகளில் செருகி, ஒன்றை மற்றதைக் கூப்பிடச் சொன்னேன். உடனே பதில் வந்தது. பிறகு ஒன்றை இருபதுக்கு மாற்றிவிட்டு மறுபடி கூப்பிடச் சொன்னேன். பதில் இல்லை. இன்னொரு தரம். இல்லை. இரண்டிலும் இணையம் வேலை செய்கிறது, இரண்டும் ஒரே கம்பியால்தான் வெளியே போய் வருகின்றன, இரண்டு கேபிளுக்கும் இடையில் என் சுண்டுவிரல் அளவு தூரம். ஆனால் ஒன்றைப் பொறுத்தவரை மற்றது இந்த உலகத்திலேயே இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுவர் இல்லை, கதவு இல்லை, யாருடைய முகமும் கோணவில்லை. நான் தட்டிய நாலு வரிதான். வேர்த்து வழிய, புழுதிக்குள் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

எந்தத் துளை சுவரில் கேபிள் செருகும் எந்தச் சொக்கற்றுக்குப் போகிறது, எது பத்து, எது இருபது என்ற கணக்கைப் புதிய சுவிட்ச் வந்த அட்டைப்பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். தாள் என்றால் தொலைந்துவிடும், அட்டைப்பெட்டியை யாரும் எறியமாட்டார்கள் என்று நினைப்பு. களஞ்சிய அறையில் இடம் இல்லாததால் விறாந்தையில் ஒரு கதிரைக்கு மேல் வைத்துவிட்டு வந்தேன்.

உளவளத்துணையாளர் அந்தப் பெண்ணோடு தொலைபேசியில் கதைக்கப் பல நாள் பிடித்தது. ஒரு நாள் எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனதும் தொலைபேசியை என் கையில் தந்தார். மறுமுனையில் அந்தப் பெண், மெல்லிய குரல்.

"மிஸ், அது மச்சாளின்ர மேசைக்குப் போகாதோ?"

"போகாது," என்றேன். "நான் பொறுப்பு."

அவர் நாள் சொன்னார். மடு மாதா கோயில் ஆடித் திருவிழாவுக்கு, அங்கே கூடாரம் அடித்துத் தங்க வீட்டில் எல்லோரும் முன்னாலேயே போய்விடுவார்களாம். தான் ஒரு நாள் பிந்தி வருவதாகச் சொல்லி நிற்பாராம். அந்த ஒரு நாள்தான் தனக்கு இருக்கிறது, அதை விட்டால் இனி ஒருநாளும் தன்னால் ஏலாது என்றார். நான் பொறுப்பு என்று இரண்டாம் தரமும் சொன்னேன். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன்.

அந்த நாள் வந்தது. பதினொரு மணிக்கு அவர் வருவதாக ஏற்பாடு. எதற்கும் ஒருமுறை சரிபார்ப்போம் என்று ஒன்பதுக்கே போனேன். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. விறாந்தையில் கதிரை இருந்தது, அட்டைப்பெட்டி இல்லை. நிலத்தில் ஒரு மூலை மட்டும் ஈரமாகக் கிடந்தது, அதில் என் கையெழுத்தில் ஒரு 'பத்து'. அக்காவிடம் கேட்டேன்.

"கழுதை திண்டிட்டுது தங்கச்சி. துரத்தினனான், வாயில வைச்சுக்கொண்டே ஓடிட்டுது."

மன்னாரில் கடை வைத்திருக்கிறவள், கழுதை உலாவுகிற ஊரில் அட்டைப்பெட்டியில் கணக்கு எழுதி விறாந்தையில் வைத்தேன் என்றால் யாரை ஏசுவது? அந்தக் கழுதைக்கு என் வணக்கம். அது தின்னாமல் விட்டிருந்தால், அட்டையை ஒருதரம் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அட்டை இல்லாததால் சுவிட்சிடமே கேட்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கணினிக்கும், பிரின்டருக்கும் செய்யும்போதே உள்ளே பதித்த ஓர் எண் உண்டு. உலகத்தில் இரண்டு இயந்திரத்துக்கு ஒரே எண் இருக்கக்கூடாது என்பது கணக்கு. எந்தத் துளையில் இருந்து எந்த எண் பேசியது என்று சுவிட்ச் தன்பாட்டில் குறித்து வைத்துக்கொள்ளும். யாரும் அதற்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் மறந்துவிடும், மறுபடி பேசினால் மறுபடி எழுதிக்கொள்ளும். அந்தப் பட்டியல் என் திரையில் விரிந்தபோது, நான் எழுதி வைத்ததைவிட அது எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கந்தோர் முழுவதும் அந்த நிமிடத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே அதில் இருந்தது.

பதினேழாம் துளையில் என் கண் நின்றது. அது பின்னறைக்கு உரிய துளை, எண் இருபது. அதில் பேசிக்கொண்டிருந்தது முன்மேசை அக்காவின் கணினி.

எழும்பிப் போய்ப் பார்த்தேன். சற்று முன் கழுதைக் கதையை அக்கா எனக்குச் சொன்னாரே, அப்போது அவர் இருந்தது வழக்கம்போல வாசலருகில் இல்லை. மண்டபத்தின் பின்சுவரோரம், திரைச்சீலைக்குப் பக்கத்தில். சோளகம் பிறந்தால் வாசலால் மண்ணும் புழுதியும் வரும், மேசையில் ஒரு தாள் நிற்காது. அதனால் வருடாவருடம் எல்லோரும் மேசையைப் பின்னுக்கு இழுப்பார்கள், காற்று அடங்கினால் முன்னுக்குப் போவார்கள். கடலோரத்தில் இதை யாரும் ஒரு விசயமாக நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை, நேரே நின்று கதைத்துவிட்டும் கவனிக்கவில்லை. நான் சொக்கற்றுகளைப் பிரித்தது சித்திரை வெயிலில், இலை அசையாத நாளில். அக்கா மேசையை இழுத்து, கைக்கு எட்டிய சொக்கற்றில் கேபிளைச் செருகியிருந்தார். திரைச்சீலைக்குப் பக்கத்தில் இருந்ததால் பின்னறைக்காக நான் ஒதுக்கிய சொக்கற்று அது.

முன்மேசைப் பிரின்டர் அக்காவின் கணினியில் தொங்குகிறது. கணினி போன இடத்துக்கு அதுவும் போகும். உள்ளே ஓடி உளவளத்துணையாளரின் கணினியைத் திறந்தேன். முன்மேசைப் பிரின்டரின் பெயர் இன்னும் அதில் இருந்தது. அன்றைக்குப் பிரித்தாயிற்றே, இனி எதற்கு அழிப்பது என்று சோம்பல்பட்டு விட்டிருந்தேன். முன்பு செத்துக் கிடந்த அந்தப் பெயர் இப்போது உயிரோடு இருந்தது. மேசை நகர்ந்த பிறகு யாரோ அவசரத்துக்கு அதில் ஒன்று எடுத்திருக்க வேண்டும், வழக்கமான பிரின்டரும் மறுபடி அதுதான். இன்னும் ஒன்றரை மணித்தியாலத்தில் அந்தப் பெண் வந்து, இங்கே இருந்து எல்லாவற்றையும் சொல்லி முடிக்க, தாள் மறுபடியும் அதே மச்சாளின் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து விழுந்திருக்கும். நான் பொறுப்பு என்று இரண்டு தரம் சொன்னவள் நான்.

அக்காவை முன்னுக்கு மேசையை இழுக்கச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார். கேட்காவிட்டால் அதைவிட மோசம், விளங்கிக்கொள்வார். அடுத்த சோளகத்துக்கு மறுபடி நகரும். பிழை அவருடைய கையில் இல்லை, சொக்கற்றுக்கு எண் கொடுத்த என் கணக்கில். காற்றுக்கு மேசை நகருகிற ஊரில் சுவரை நம்பிப் பிரித்திருக்கிறேன்.

சுவிட்சுக்குத்தான் ஒவ்வொரு இயந்திரத்தையும் தெரியுமே என்று அப்போதுதான் உறைத்தது. இடத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கச் சொல்லலாம். பன்னிரண்டு கணினிகளின் எண்ணையும் பிரின்டர்களின் எண்ணையும் ஒவ்வொன்றாக அடித்தேன். இது எங்கே செருகினாலும் பத்து, இது எங்கே செருகினாலும் இருபது, தெரியாத ஒன்று வந்தால் எதிலும் சேர்க்காதே. அவசரத்தில் பிழைத்துப்போய் ஒன்றை மூன்று தரம் அடித்தேன். பின்னறைக் கணினியில் இருந்த முன்மேசைப் பிரின்டரின் பெயரையும் அழித்தேன்.

பிறகு அக்காவிடம் போய், ஒரு சின்ன வேலை இருக்கிறது, ஐந்து நிமிடம் பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றேன். அவர் போனதும் அவருடைய கேபிளைப் பிடுங்கிப் பக்கத்துச் சொக்கற்றில் செருகினேன். பட்டியலைப் பார்த்தேன், பத்து. அதைப் பிடுங்கிப் பின்னறைக்குள்ளேயே நீட்டிச் செருகினேன், உளவளத்துணையாளரின் மேசைக்குக் கீழே. பத்து. களஞ்சிய அறையில் நேரே சுவிட்சிலேயே செருகினேன். பத்து. எங்கே கொண்டுபோய் விட்டாலும் அது அந்த இயந்திரத்தை அடையாளம் கண்டு, ஒன்றும் சொல்லாமல், அதன் இடத்திலேயே கொண்டுபோய் இருத்தியது. வருடக்கணக்காக நான் ஏசிய கைகள் செய்கிற வேலையைத்தான் அன்றைக்கு என் கை செய்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. மனிதர் செய்த ஒரு தகரப் பெட்டிக்குள் இவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் சொல்வேன். அது வேறு.

பதினொன்றுக்குச் சற்று முன் அந்தப் பெண் வந்தார். கையில் வாழ்வாதாரப் படிவம். அக்காவைப் பார்க்காமல், தலை குனிந்தபடி திரைச்சீலைக்குள் போனார். அக்காவும் பார்க்காத மாதிரித் தன் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

நான் முன்மேசைப் பிரின்டருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சரிபார்க்க வேண்டியதை எல்லாம் சரிபார்த்தாயிற்று, ஆனாலும் கால் அங்கேதான் போயிற்று. அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அரை மணித்தியாலம் நின்றிருப்பேன். வெளியில் காற்று, உள்ளே யாரோ முத்திரை குத்துகிற சத்தம். ஏன் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள், பழுதோ என்று அக்கா கேட்டார். இல்லை, சும்மா என்றேன். அப்போதுதான் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு பிரின்டர் தாளை இழுக்கிற சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று. மூன்றாவது. என் பக்கத்தில் இருந்தது மூச்சுக்கூட விடவில்லை. கோயிலில்கூட நான் அப்படிக் கைகட்டி நின்றதில்லை.

சற்று நேரம் கழித்து அந்தப் பெண் வெளியே வந்தார். பெருவிரலில் நீல மை இருந்தது, பேனை கசிந்திருக்க வேண்டும். நேரே வாசலுக்குப் போகிறார் என்று நினைத்தேன். அக்காவின் மேசைக்கு முன்னால் நின்று, வாழ்வாதாரப் படிவத்தை நீட்டினார். இந்த முறை அது சாட்டுக்கு இல்லை, முழுக்க நிரப்பியிருந்தது.

"மச்சாள்," என்றார். "மடுவில இந்த முறை உங்கட கூடாரத்தில எனக்கும் பிள்ளையளுக்கும் ஒரு இடம் வைப்பீங்களோ?"

அக்கா ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குக் கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

"வைக்கிறன்," என்றார். "நீ வா."

அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு காற்றுக்குள் இறங்கிப் போனார். அக்கா படிவத்தின் மேல் கல் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்தபடியே இருந்தார்.